அவர்கள் எல்லாரும் அப்படித்தானா?



முந்தல் சந்தியில் ஒரு நாள் காலை புத்தளம் போகும் பஸ் வண்டிக்காகக் காத்து நின்றேன். அரை மணி நேரத்துக்குள் ஒரே வாக்கியத்தை மூன்று பேர் வாயிலிருந்து கேட்டேன். முதலில் சொன்னவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். கடைக்காரர் ஒருவரோடு விலைப் பிணக்கு. "அந்த ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சுவாமி" என்றார். அவர் குறிப்பிட்டது முஸ்லிம்களை. அடுத்து, தேநீர்க் கடையில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் தம் பக்கத்திலிருந்தவரிடம் அதையே சொன்னார். அவர் குறிப்பிட்டது முஸ்லிம்களைத்தான். ஆனால் வடக்கிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களை. "அகதி ஆட்கள் எல்லாரும் அப்படித்தான்." மூன்றாவதாக, வண்டியில் எனக்கு அருகே அமர்ந்த சிங்கள இளைஞர், நான் தமிழன் என்று அறியாமல், கைபேசியில் யாருக்கோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "தெமள மினிசு ஒக்கொம எஹெமத் தமாய்." தமிழர் எல்லாரும் அப்படித்தான்.

மூன்று வாய்கள்; மூன்று கூட்டங்கள்; ஒரே தீர்ப்பு. நீதிமன்றத்தில் ஒரு மனிதனைக் குற்றவாளி என்று தீர்க்கச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், பதில் சொல்ல அவனுக்குத் தவணை வேண்டும். இங்கேயோ ஓர் இனம் முழுவதும் பஸ் வண்டி வருவதற்குள் தீர்ப்பிடப்பட்டு விடுகிறது. இது சிறிய பேச்சுத்தானே, இதில் என்ன பாவம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். ஆனால் பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்வதே முறை.

கேற்றுக்கு வெளியே ஒரு கஞ்சிப் பாத்திரம்

2019ஆம் ஆண்டு மே மாதம். நான் இந்தக் கரையோரத்தில் ஒரு பங்கில் பணியாற்றினேன். ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் கோயிலிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டியவில் இறந்த பிள்ளைகளின் சின்னஞ்சிறு பெட்டிகளை நாம் எல்லாரும் கண்டோம். அந்த நாட்களில் நம் நெஞ்சில் எழுந்த அச்சத்தையும் கோபத்தையும் எவரும் இலகுவாகப் பேசிவிட முடியாது.

எங்கள் பங்கு இல்லத்துக்கு ஆண்டுதோறும் நோன்பு மாதத்தில் கஞ்சி கொண்டுவரும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். கருவாட்டு வியாபாரி. எனக்கு முன்னிருந்த குருவானவர் காலத்திலிருந்தே அவருடைய சைக்கிள் மணி நோன்பு மாதத்து மாலைகளில் கேட்கும். அந்த ஆண்டும் வந்தார். கையில் துணிப்பை. நான் சாளரத்தின் உள்ளே நின்றபடி, "நானா, பையை அங்கேயே வையுங்கள். மூடியைத் திறந்து காட்டுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையை நிலத்தில் வைத்துத் தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. "சூடு ஆறுமுன் குடியுங்கள் ஃபாதர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு கொரோனாக் காலம். ஊரே முடங்கிக் கிடந்தது. அதற்கடுத்த ஆண்டு வழி திறந்திருந்தது. அவர் வரவில்லை.

நான் செய்தது பிழையா? அந்தச் சூழலில் யாரும் அப்படித்தானே செய்திருப்பார்கள் என்று பல நாட்கள் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் அதே வாரத்தில் பூ மூட்டையோடும், மரக்கறிப் பையோடும், பெரிய தோல்பெட்டியோடும் வந்த நம்மவர் எவரையும் நான் திறந்து காட்டச் சொல்லவில்லை. அங்கேதான் என் சமாதானம் உடைந்தது.

'சில' எப்படி 'எல்லாம்' ஆயிற்று?

குருமடத்தில் தருக்கவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் பாடங்களில் ஒன்று இது. 'சில' என்பதிலிருந்து 'எல்லாம்' என்பது பிறவாது. சில மீன்களுக்கு நஞ்சு உண்டு என்பதால் எல்லா மீனுக்கும் நஞ்சு உண்டு என்று எந்த மீனவனும் சொல்லமாட்டான். சொன்னால் அவன் அடுப்பில் உலை கொதியாது. கடலில் இத்தனை தெளிவாக இருக்கும் நம் அறிவு, கரையேறி மனிதரைப் பார்க்கையில் மட்டும் ஏன் மங்கிவிடுகிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர்ப் பையன் ஒருவன் திருடினால், "அவன் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவன், கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்" என்கிறோம். மற்ற இனத்துப் பையன் திருடினால், "அவர்கள் குணமே அதுதான்" என்கிறோம். நம்மவன் தவறினால் காரணம் தேடுகிறோம். அயலான் தவறினால் இனத்தைத் தேடுகிறோம். நன்மையில் இது தலைகீழாகிறது. நம்மவன் செய்த நன்மை நம் இனத்தின் பெருமை. அயலான் செய்த நன்மையோ, "அவர் ஒருத்தர் நல்லவர், ஆனால்..." என்று விதிவிலக்காகிப் போகிறது. 'ஆனால்' என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை நல்ல மனிதர்கள் தொலைந்து போனார்கள்!

2019இல் நடந்தவற்றையே பாருங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு மூன்று மாதம் முன்பு, நம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. அந்தத் தடத்தைக் கண்டுபிடிக்கப் பொலிசாருக்குத் துணைநின்றவர் மாவனெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். அதற்கு விலையாக அவர் வீட்டிலேயே சுடப்பட்டார். குண்டுதாரிகளின் தலைவனைப் பற்றி அவன் ஊர் முஸ்லிம்களே முன்பு முறையிட்டிருந்தார்கள். குண்டு வெடித்த பின், கொலைகாரரின் உடல்களைத் தம் அடக்கத் தலங்களில் ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை அறிவித்தது. இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்தவை. ஆனால் கொன்றவனின் பெயர் ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். தடுக்க முயன்றவரின் பெயரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

பொய்த் தீர்ப்புக்குக் கண் கிடையாது என்பதற்கு இன்னொரு சான்று. குண்டுவெடிப்புக்குப் பின் நீர்கொழும்புப் பகுதியில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அகமதியர். தம் நாட்டில் தீவிரவாதிகளின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள். அவர்களுள் பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஆம், கிறிஸ்துவின் பெயரால் துன்புற்று ஓடிவந்தவர்களை, கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்த துன்பத்தின் பெயரால் நம் நாட்டில் துரத்தினார்கள்!

பின்பு மே 12ஆம் திகதி சிலாபம். ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு வரி. அதிகம் சிரித்தால் ஒரு நாள் அழ நேரும் என்ற பொருளில் அமைந்தது. அது புதிய தாக்குதலுக்கான மிரட்டல் என்று பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று தீ பரவியது. நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழில் செய்த ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டுண்டு இறந்தார். கட்டுவாப்பிட்டியவில் வெடித்த குண்டுக்கும் அந்தத் தச்சருக்கும் என்ன சம்பந்தம்? 'எல்லாரும் அப்படித்தான்' என்ற வாக்கியத்தைத் தவிர வேறு சம்பந்தம் ஒன்றும் இல்லை. தச்சனின் மகன் என்று தம் ஊராரால் இளக்காரமாகப் பேசப்பட்ட ஒருவரைத்தான் நாம் ஆண்டவர் என்று வணங்குகிறோம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த மாதம் தங்கொட்டுவை வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் வரக்கூடாது என்று வென்னப்புவைப் பிரதேச சபைத் தலைவர் கடிதம் எழுதினார். விவகாரம் மாரவில நீதிமன்றம் வரை சென்றது. கத்தோலிக்கர் நிறைந்த பகுதி அது. கல்லெறிந்தவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சந்தையில் ஒரு கடை காலியாக இருந்ததைக் கண்டும், பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு பேசாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்?

முன்மதியும் முற்சாய்வும்

"சுவாமி, குண்டு வெடித்தது உண்மைதானே? எச்சரிக்கையாக இருப்பதும் ஒரு புண்ணியம்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முன்மதி தலையாய நற்பண்புகளுள் ஒன்று. அந்த நாட்களில் கோயில் வாசலில் பைகளைச் சோதித்தோம். அதில் பிழை இல்லை. ஏனெனில் எல்லாருடைய பையையும் சோதித்தோம். என் பையையும் சோதித்தார்கள்.

முன்மதிக்கும் முற்சாய்வுக்கும் வேறுபாடு எங்கே? முன்மதி செயலைப் பார்க்கிறது. முற்சாய்வு பெயரைப் பார்க்கிறது. முன்மதி புதிய சான்று கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது. முற்சாய்வோ எந்தச் சான்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது. அயலான் பேசினால் 'ஏமாற்றுகிறான்'. பேசாதிருந்தால் 'எதையோ மறைக்கிறான்'. நன்மை செய்தால் 'ஏதோ உள்நோக்கம் இருக்கிறது'. எந்த விடை வந்தாலும் பிழை என்று போடும் ஆசிரியரிடம் பிள்ளை எப்படிச் சித்தியடைவது?

புனித தோமா அக்குவினார் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். சந்தேகம் உள்ள இடத்தில் அயலானைப் பற்றி நல்லதையே கருதவேண்டும் என்பது அவர் போதனை. அப்படிக் கருதினால் பல முறை ஏமாந்து போவோமே என்ற ஆட்சேபத்தையும் அவரே எழுப்புகிறார். அவர் விடையின் சாரம் இது: கெட்டவனை நல்லவன் என்று பலமுறை தவறாக எண்ணினாலும், அந்த எண்ணத்தால் ஒருவருக்கும் அநீதி இல்லை, நல்லவனை ஒரு முறை கெட்டவன் என்று எண்ணினாலும் அவனுக்கு அநீதி செய்தாயிற்று. கேடு வராமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடு வேறு. மனிதனைப் பற்றி மனத்தில் எழுதும் தீர்ப்பு வேறு. கதவைப் பூட்டலாம். பூட்டும்போதே வெளியே நிற்பவனைக் கள்வன் என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு ஐயம். "நான் வேண்டுமென்றா அப்படி நினைக்கிறேன்? எண்ணம் தானாக வருகிறதே!" உண்மை. சிறு வயதில் கேட்ட பேச்சு, வீட்டுப் பகிடி, பாட்டி சொன்ன கதை எல்லாம் நம்மைக் கேளாமலே உள்ளே குடியேறிவிட்டன. நம் முன்னோர் பாவத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: தூண்டல், அதில் மகிழ்தல், அதற்கு இசைதல். தானாக வந்த எண்ணம் தூண்டல் மாத்திரமே. அதற்காக நீங்கள் கலங்க வேண்டாம். அந்தக் கதையைச் சுவைத்துப் பிறருக்குச் சொல்லும்போது இரண்டாம் படி. அதை வைத்து வீடு வாடகைக்குக் கொடுக்க மறுக்கும்போது, வேலை மறுக்கும்போது, பிள்ளைகளைச் சேர்ந்து விளையாட விடாமல் தடுக்கும்போது மூன்றாம் படி. அங்கே நாம் பொறுப்பாளிகள். 'எல்லாரும் நினைப்பதுதான்' என்ற சாக்கு அங்கே செல்லாது.

நாம் அனுபவித்தது

தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1983 யூலையில் வாகனங்களை மறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். நா தடுமாறியவன் தமிழன். அதுவே அவன் குற்றம். பழைய ஏற்பாட்டில் நீதித்தலைவர்கள் நூலிலும் இதே கொடுமை உண்டு. யோர்தான் துறையில் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி, 'ஷ' வராத எப்ராயிமரை வெட்டினார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் கொழும்பில் அறை தேடிய நம் பிள்ளைகளிடம் அடையாள அட்டையைப் பார்த்தபின் 'அறை போய்விட்டது' என்றார்கள். சோதனைச் சாவடியில் யாழ்ப்பாண முகவரி ஒன்றே நம்மை இறக்கி நிறுத்தப் போதுமாயிருந்தது. "எல்லாத் தமிழரும் புலிதான்" என்ற வாக்கியம் நம் முதுகில் எப்படிச் சுட்டது என்று நமக்குத் தெரியும். அதே 1983இல் தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழரை வீட்டுக்குள் ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்கள் உண்டு. அவர்களையும் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் நாம் மறைத்துவிடலாமா?

சூடு பட்டவன் பிறருக்குச் சூடு போடமாட்டான் என்று எண்ணத் தோன்றும். அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். 'இனத்தைக் காட்டிக்கொடுப்பவர்கள்' என்ற ஒற்றைச் சொல், பால்குடிப் பிள்ளைக்கும் பொருந்துவதாகத் தீர்க்கப்பட்டது. சூடு பட்ட தமிழரின் பெயரால் அது செய்யப்பட்டது. அவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது நம் புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள்.

இவ்வூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள்; சமைத்துக் கொடுத்தார்கள். ஆண்டுகள் உருண்டன. குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், கிணற்று நீர் போதவில்லை, காணி விலை ஏறிவிட்டது, பாடசாலையில் இடமில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. 'அகதி' என்பது இரக்கச் சொல்லாயிருந்து இகழ்ச்சிச் சொல்லாயிற்று. இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகளும் 'அகதிப் பிள்ளைகள்' ஆனார்கள். ஒரே மார்க்கம், ஒரே மொழி, ஒரே தொழுகை வரிசை. ஆனாலும் முற்சாய்வு முளைத்தது. இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. முற்சாய்வு வேற்றுமையால் மாத்திரம் பிறப்பதில்லை. தட்டுப்பாட்டால் பிறக்கிறது, பிறந்தபின் தனக்கு வேண்டிய வேற்றுமையைத் தானே தேடிக்கொள்கிறது.

நம் வீட்டுச் சுவர்கள்

நம் பக்கம் திரும்புவோம். சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனும் பாட்டியும் தமிழில் செபமாலை சொன்னவர்கள். பாடசாலை மொழி மாறியது. இரண்டு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறியது. பெர்னாண்டோ என்ற பெயர் மாத்திரம் இரு கரையிலும் மாறாமல் இருக்கிறது. சிங்களவரின் பிறவிக் குணம் இது, தமிழரின் பிறவிக் குணம் அது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இரண்டு தலைமுறையில் இனப்பெயர் மாறக்கூடுமானால், இரத்தத்தில் எழுதப்பட்ட குணம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

சாதி விடயத்தில் நாம் தலை நிமிர்ந்து பேசக்கூடியவர்களா? திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் சாதிக்கு ஒரு பகுதியாக மக்களைப் பிரித்து நிறுத்தச் சுவர் கட்டியிருந்தார்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவே சுவர். அந்தச் சுவரை 1910இல் தான் இடித்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள்ளேயே நிலவுவதை ஏற்று, அதை நீக்கக் கொள்கை அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. நம் கோயில்களில் கற்சுவர் இல்லைதான். கலியாணப் பேச்சு எழும்போது எழும்பும் சுவரை யார் இடிப்பது?

ஓடை ஒன்றே

சரி, வழி என்ன? 'ஒருவரோடொருவர் பழகினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். பாதிதான் உண்மை. முந்தலில் நாம் தினமும் பழகுகிறோம். முஸ்லிம் கடையில் அரிசி, சிங்களவர் தோட்டத்தில் தேங்காய், உடப்புத் தமிழரின் வலையில் மீன். பழக்கம் இருந்தும் 2019இல் அது நம்மைக் காக்கவில்லையே! 1952இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த ஒருவர் கண்டது இது. சுரங்கத்துக்குள் கறுப்பரும் வெள்ளையரும் தோழர்கள். மேலே ஏறி வந்ததும் பெரும்பாலோர் தனித்தனி உலகத்தவர். தொழில் இடத்துப் பழக்கம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

கோர்டன் ஆல்போட் என்ற உளவியலறிஞர் 1954இல் வெளியிட்ட நூலில், எப்படிப்பட்ட பழக்கம் முற்சாய்வைக் குறைக்கும் என்று ஆராய்ந்தார். இரு சாராரும் சமநிலையில் இருக்கவேண்டும். பொது நோக்கம் ஒன்று வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்கவேண்டும். தலைவர்களும் சட்டமும் அதற்குத் துணைநிற்கவேண்டும். பின்வந்த அறிஞர் இருவர் 515 ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட முடிவும், நெருங்கிய பழக்கம் முற்சாய்வைப் பொதுவாகக் குறைக்கிறது என்பதே. இந்த நிபந்தனைகள் நிறைவேறும் இடத்தில் பயன் கூடுகிறது.

அதே 1954இல் ஒக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரு அணிகளாக்கி ஆராய்ந்தார்கள். போட்டி வைத்ததும் சில நாட்களில் ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை வளர்ந்தது. சேர்த்து உண்ண வைத்தார்கள். உணவை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். குடிநீர் தடைப்பட்டபோது, இரு அணியும் சேர்ந்து தேடிச் சீர்செய்ய வேண்டி வந்தது. இப்படிப்பட்ட பொதுத் தேவைகள் சில வந்தபின் அவர்கள் ஒரே பஸ்ஸில் வீடு திரும்ப விரும்பினார்கள். ஆண்டுக்கொரு முறை நோன்பு திறக்கும் வைபவத்திலும் நத்தார் விழாவிலும் சமயத் தலைவர்கள் சேர்ந்து படம் எடுப்பது நல்லதுதான். ஆனால் விருந்து மாத்திரம் பகையைத் தீர்க்காது. சேர்ந்து சுமக்கும் சுமை தீர்க்கும்.

இதை நம் ஊரே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. முந்தல் ஏரியையும் சிலாபத்தையும் புத்தளம் ஏரியையும் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். அதன் இரு மருங்கிலும் இறால் பண்ணைகள். ஒரு பண்ணையின் கழிவுநீர் கால்வாய்க்குப் போகிறது. அதே நீரை அடுத்த பண்ணை இறைத்தெடுக்கிறது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது, கால்வாய் நீர் பெயர் கேட்டுப் பாயவில்லை. தமிழர் குளம், முஸ்லிம் குளம், சிங்களவர் குளம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. ஒருவர் தம் குளத்தை மாத்திரம் காத்துக்கொள்ள முடியாது என்று கற்றபின்தான், எந்தப் பகுதியில் எப்போது குஞ்சு விடுவது என்று கூடிப் பேசி முறை வகுத்தார்கள். வதந்தியும் அப்படித்தான். முஸ்லிமைப் பற்றிய பொய்யை நம் வாசலில் விட்டால், அந்த நீர் ஒரு நாள் நம் குளத்துக்கே வரும். 1983இல் வந்தது, மறவாதீர்கள்.

தொடக்கத் திருச்சபையும் இதைச் சந்தித்தது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள் என்று எருசலேமில் முறைப்பாடு எழுந்தது. திருத்தூதர் 'அவர்கள் எப்போதும் முறைப்பாடுதான்' என்று தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தியின் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! முறையிட்டவர்கள் கையிலேயே அகப்பையைக் கொடுத்தார்கள். நீதியில்லாத இடத்தில் அன்பைப் பற்றிய பிரசங்கம் எடுபடாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஓர் அரசனின் பெருந்தன்மை

புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்; 1690இல் நம் புத்தளத்துக்கு வந்து ஏறத்தாழ ஓர் ஆண்டு பணியாற்றினார். 1692இல் கண்டிக்குச் சென்றதும் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைப்படுத்தப்பட்டார். கண்டியரசுக்கு அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. அவர் கோவாவிலிருந்து வந்தவர், போர்த்துக்கேயரின் மார்க்கத்தவர், அந்தப் போர்த்துக்கேயரோ பல தசாப்தங்கள் கண்டியோடு போரிட்டவர்கள். 'அவர்கள் எல்லாரும் அப்படித்தான்' என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பௌத்த அரசன் தீர்ப்பை அவசரப்பட்டு எழுதவில்லை. மனிதனைக் கவனித்தான். ஆராதிக்க விட்டான், நடமாட விட்டான். 1697இல் பெரியம்மை வந்து ஊரார் ஓடியபோது, சாதி சமயம் பாராமல் நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தவர் அந்த 'ஒற்றன்'தான். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலி முகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அடிகளாரின் புனிதத்தைப் போற்றும் நாம், தன் சந்தேகத்தைத் திருத்திக்கொண்ட அரசனின் பெருந்தன்மையையும் நினைக்கவேண்டும். அவன் மனம் இறுகியிருந்தால் இலங்கையில் நம் விசுவாசத்தின் கதை வேறாயிருக்கும்.

மறுபடியும் கஞ்சிப் பாத்திரத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் இனி வரமாட்டார் என்று தெரிந்தபின், நானே அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். வாசலில் நின்று, "நானா, அன்று நான் செய்தது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் என்னை உள்ளே இருத்தித் தேநீர் தரச் சொன்னார். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "ஃபாதர், நானும் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்குக் கோயில் வாசலில் உங்கள் பையன்மார் கூட்டமாக நின்றார்கள். கல்லெறியப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போக இருந்தேன். அவர்கள் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, 'போங்க நானா, கஞ்சி சிந்திவிடும்' என்றார்கள். நானும் தப்பாக நினைத்தவன்தான். ஆனால் ஃபாதர், அந்தப் பையன்மார் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் பையைப் பார்த்தீர்கள்." எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவர் இப்போது கஞ்சி கொண்டுவருவதில்லை. வயது போய்விட்டது என்கிறார். நோன்பு மாதத்தில் ஒரு நாள் நான் போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.

அன்புக்குரிய பெற்றோரே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இந்த வாரம் உங்கள் வீட்டில் 'எல்லாரும்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை வந்து "அவர்கள் எல்லாரும் இப்படியாமே அப்பா?" என்று கேட்டால், "உனக்கு அவர்களில் யாரைத் தெரியும்? பெயர் சொல்லு" என்று திருப்பிக் கேளுங்கள். கைபேசியில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், இது எனக்குத் தெரிந்த அந்த மனிதனைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் நம்புவேனா என்று யோசியுங்கள். ஊரில் கிணறு துப்புரவு, பாதைத் திருத்தம், வெள்ள நிவாரணம் என்று எது வந்தாலும், அதை நம் சங்கம் மாத்திரம் செய்யாமல் பள்ளிவாசலாரையும் கோவிலாரையும் பன்சலையாரையும் சேர்த்துச் செய்யுங்கள். வந்த பொருளைப் பங்கிடும்போது முறையிடக்கூடிய பகுதியாரையே அகப்பை பிடிக்கச் சொல்லுங்கள்.

நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமா என்று கேட்ட நத்தனியேல் தீயவன் அல்லன். கபடற்றவன் என்று ஆண்டவராலேயே பாராட்டப்பட்டவன். நல்லவனுக்கும் முற்சாய்வு இருக்கும். பிலிப்பு அவனோடு வாதாடவில்லை. வந்து பார் என்று அழைத்தான். நத்தனியேல் எழுந்து போனான். அவன் பெருமை அதில்தான் இருக்கிறது. நாமும் எழுந்து போவோமா? வழி தூரம் இல்லை. பெரும்பாலும் அடுத்த ஒழுங்கைதான்.